எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்டா?

கணினி பூட் ஆகவில்லை என்று கோலாலம்பூரில் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் வார்த்தை, "ஃபார்மேட் பண்ணிடலாம்." ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்! டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் (S.M.A.R.T.) விவரத்தைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதில் 199ஆம் எண்ணில் இருக்கிற, டேட்டா போகிற வழியில் நேர்ந்த பிழைகளின் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளில்தான். சில ரிங்கிட் கேபிளுக்காகப் பிள்ளை பிறந்ததிலிருந்து சேர்த்த படங்களை அழிப்பதா?

அதே பட்டியலில் 197, 198 ஏறியிருந்தால்தான் டிஸ்க்கிலேயே படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டேட்டா பதிகிற சிறு துண்டுகள். அதற்கும் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) ஓடவிடுகிறார்கள், அதுவும் கெட்ட செக்டர்களைத் தேட வைக்கிற ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு! சாகக் கிடக்கிற டிஸ்க்கை மூலைக்கு மூலை துருவ வைத்தால் மிச்ச உயிரும் போகாதா? முதலில் நகல் எடுங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, அதே அளவுள்ள அல்லது பெரிய டிஸ்க்குக்கு, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கிற டிடிரெஸ்கியூ (ddrescue) ஓட்டுங்கள். எதுவரை நகலெடுத்தது என்று குறித்து வைக்கிற மேப் ஃபைல் கட்டாயம்; அது இருந்தால்தான் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாயங்கால இடியில் கரண்ட் போகிற ஊரில் இதைக்கூடச் சொல்ல வேண்டுமா? பழுது பார்ப்பதெல்லாம் அந்த நகலில்தான்.

'டக் டக்' என்று சத்தம் கேட்டும் பத்துத் தடவை ஆன் செய்து பார்ப்பது இன்னும் கொடுமை. டேட்டாவைப் படிக்கிற ஹெட், டேட்டா பதிந்திருக்கிற தகட்டை உரசினால் ஒவ்வொரு தடவையும் டேட்டா சுரண்டப்படுகிறது! ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளாதா?

"உள்ளே வேண்டிய ஃபைல் ஏதும் இருக்கா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்க வாய் வலிக்கிறதா?