மாமன்றத் தீர்மானம் மட்டும் போதாது

'அரசியல் சாசனத்தின் 74வது திருத்தம் வந்த பிறகு 18 அதிகாரமும் மாநகராட்சிக்குத்தான். மதுரை மாமன்றம் தீர்மானம் போட்டால் 2022 சொத்து வரி உயர்வு அன்றைக்கே ரத்து' என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதி சரி, பாதி தப்பு.

அந்தத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 12வது அட்டவணையில் 18 பணிகள் இருப்பதும் உண்மை. ஆனால் 243டபிள்யூ பிரிவைப் படித்துப் பாருங்கள். அந்தப் பணிகளை மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி நகராட்சிகளுக்கு 'வழங்கலாம்' என்றுதான் சொல்கிறது. வரி விதிக்கும் அதிகாரமும் அப்படியே, 243எக்ஸ் பிரிவின்படி. கோட்டையில் சட்டமாகாமல் அட்டவணையால் மட்டும் தல்லாகுளத்தில் இருக்கும் மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகைக்கு அதிகாரம் வந்துவிடாது.

பலர் இன்னும் மேற்கோள் காட்டும் 1971ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சிச் சட்டமும் இப்போது இல்லை. 1998இல் இயற்றிக் கிடப்பில் போட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்தான், அதன் விதிகளோடு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று, 2022 உயர்வுக்குப் பின்னால் மத்திய நிதிக்குழுவின் (15வது) நிபந்தனையும் உண்டு: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் நகரங்களுக்கான மானியம்.

அதற்காகத் தீர்மானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள், நல்லது. அதன் நகலை நகராட்சி நிர்வாகத் துறைக்கும் மதுரை எம்எல்ஏக்களுக்கும் அனுப்பி, சட்டமன்றத்தில் அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசச் சொல்லிக் கேளுங்கள். கவுன்சிலர் வீட்டு வாசலில் மட்டும் நின்றால், அவரால் முடியாததைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருப்போம்.