அந்த அக்கா கேட்டதில் என்ன தப்பு?

ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரிடம் எங்கள் எதிர் வீட்டு அக்கா கேள்வி கேட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் "வாசல் தேடி வந்தவரிடம் பேசுகிற பேச்சா இது" என்று உபதேசம் போட, அதற்குக் கீழே பதினேழு பேர் கும்பிடு பொம்மை போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் முடியவில்லை.

அக்கா என்ன கேட்டுவிட்டார்? வேட்பாளர் திறந்த ஜீப்பில் நின்றபடி, "நான் ஜெயிச்ச ஆறே மாசத்துல இந்த ரயில்வே கேட்டுல மேம்பாலம்" என்றார். கையில் ஆரத்தித் தட்டோடு நின்ற எங்கள் எதிர் வீட்டு அக்கா, "போன தடவையும் இதே இடத்துல நின்னு இதைத்தானே தம்பி சொன்னீங்க, அந்த ஆறு மாசம் எப்ப முடியும்?" என்றார். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அதற்குள் கூட வந்தவர்களில் ஒருவர் முழங்கையால் இடித்து, தட்டிலிருந்த மஞ்சள் தண்ணீர் முழுக்க அக்காவின் சேலையில். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள், கற்பூரம் அணைவது தெரியும். மற்ற தட்டுகளில் எல்லாம் இருநூறு விழுந்தது, அந்தத் தட்டில் விழவில்லை. மரியாதை கெட்டுப்போனது இந்த இடத்தில் என்று அந்தப் பதினேழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, அந்த மேம்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. ஐந்து வருடமும் ஒரு ரூபாய் செலவழிக்காமல் சேர்த்தால் 15 கோடி. அதை வைத்துப் பாலம் கட்ட முடியாது. தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயின் வேலை, இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை. நடுவில் நில எடுப்பு, இழப்பீடு, அதை எதிர்த்து வழக்கு. ஆறு மாதத்தில் நோட்டீஸ்கூட எல்லோர் வீட்டுக்கும் வந்து சேராது. "பாலத்துக்காக ரயில்வேயிடமும் அமைச்சரிடமும் அலைவேன், சட்டமன்றத்தில் பேசுவேன்" என்று சொல்லியிருந்தால் அது உண்மை. அதற்கு யாரும் விசிலடிக்க மாட்டார்கள், அதுதான் பிரச்சினை.

1967-ல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அரிசிக்கு வாக்குறுதி கொடுத்தார் அண்ணா. ஜெயித்த பிறகு அந்த ஒரு படியைக்கூடச் சென்னை, கோவை தாண்டிக் கொண்டுபோகக் கஜானா இடம் கொடுக்கவில்லை. இருந்தாலும் எது ஆசை, எது உறுதி என்று ஓட்டுக் கேட்கும்போதே பிரித்துச் சொன்ன வாசகம் அது. இப்போது வருகிற நோட்டீஸ்களில் எல்லாமே நிச்சயம்தான். லட்சியம் என்ற வார்த்தையே காணாமல் போய்விட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்பீர்கள். அந்த கேட்டை ஒட்டித்தான் அப்பாவின் சைக்கிள் கடை. நான் ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு தேர்தல் முடிந்த சூட்டில், யாரோ வந்து அளந்துவிட்டுக் கடைச் சுவரில் சிவப்பு பெயிண்டால் ஓர் அம்புக்குறியும் 14 என்று ஓர் எண்ணும் போட்டுவிட்டுப் போனார்கள். பாலம் வரப்போகிறது என்று ஊரே பேசியது. அப்பா அப்போதுதான் தகரக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடச் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தார். "பாலம் வந்தா இடிச்சிடுவாங்கடா, இதுல போய்க் காசைப் போடவா?" என்று நிறுத்தினார். பதினோரு வருடம். ஒவ்வொரு ஐப்பசியிலும் டயர்களை உள்பக்கம் தள்ளி, ஒழுகும் இடத்தில் கிரீஸ் டப்பாவை வைப்பார். நிறைவேறாத வாக்குறுதிக்குச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த டப்பாவில் சொட்டுகிற சத்தம் கேட்கும். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. கடையை வாடகைக்கு எடுத்தவர் சுவருக்கு வெள்ளையடித்தார், அந்த 14-ஐ மட்டும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "பாலம் வருதுன்னு சொல்றாங்கல்ல சார்" என்கிறார்.

உடனே வருவீர்கள், நீ எந்தக் கட்சி என்று. 2016-ல் அதிமுக எல்லாக் குடும்ப அட்டைக்கும் செல்போன் என்றது, எங்கள் வீட்டு அட்டைக்கு இன்னும் வரவில்லை. 2021-ல் திமுக கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றது. நிபந்தனைகள் எல்லாம் பிறகு வந்தன, 48 லட்சத்துச் சொச்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதி இல்லை என்று ஆனது. ஆளுக்கு 15 லட்சம் என்ற பாஜகவின் பேச்சை ஜும்லா, அதாவது சும்மா தேர்தல் பேச்சு, என்று 2015-ல் அமித் ஷாவே சொல்லிவிட்டார். போதுமா? இல்லை, இன்னும் யாரையாவது திட்ட வேண்டுமா?

அடுத்தது, நீ இலவசத்துக்கு எதிரி. அய்யா, நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன். 1982-ல் எம்.ஜி.ஆர். அதை ஆரம்பித்தபோதும் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் இருந்தார்கள், பணம் வந்தது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள் திமுகவினர், 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்ததும் முதல் கையெழுத்துகளில் ஒன்றாகப் போட்டார்கள். அம்மா அதில்தான் போய் வருகிறார். செய்ய முடிந்ததைச் சொல்லிச் செய்தால் யார் குறை சொன்னது? பணம் எங்கிருந்து வரும் என்று தேர்தல் அறிக்கையிலேயே காட்ட வேண்டும் என்பது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்த விஷயம். அதை யார் படிக்கிறார்கள்? கேட்டால்தானே படிப்பார்கள்.

மத்திய அரசு தடுக்கிறது, அவரால் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? இருக்கலாம். அதை ஜீப்பில் நின்றபோதே சொல்லியிருக்கலாமே.

மதுரை தெற்கில் 2021-ல் துலாம் சரவணன் என்ற சுயேச்சை வேட்பாளர் வீட்டுக்கு வீடு ஹெலிகாப்டர், நிலாவுக்குச் சுற்றுலா என்று கிண்டலாகவே வாக்குறுதி கொடுத்தார். சின்னம் குப்பைத் தொட்டி. அவரைப் பார்த்துச் சிரித்த அதே நீங்கள்தான் ஆறு மாதப் பாலத்துக்கு மாலை போடுகிறீர்கள்.

கடைசியாக ஒன்று, அதுதான் வலித்தது. "காசை வாங்கிட்டுக் கேள்வி என்ன வேண்டியிருக்கு?" அக்கா வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் போன தடவை வாங்கினோம். ஐந்நூறு. அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்து சிலிண்டர் வந்தபோது கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது சொல்லுங்கள், ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்து வருடம் வாயையும் சேர்த்தா விற்றோம்? பாலம் இல்லாமல் கேட்டில் நிற்பது வாங்காதவர்கள் மட்டுமா?

அன்றைக்கு நானும் மாடியில்தான் நின்றேன். அக்காவைச் சுற்றி நாலு பேர் நின்றதைப் பார்த்தேன். இறங்கி வருவதற்குள் ஜீப் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், நிதானமாக.

"கிழவிக்கு வாயைப் பாரு" என்று தலைப்புப் போட்டு அந்த வீடியோவை இன்னமும் பகிர்கிறவர்களுக்கு: அக்காவுக்கு ஐம்பத்தியிரண்டு வயதுதான். முதலில் அதைத் திருத்துங்கள். சேலையில் அந்த மஞ்சள் கறை இன்னும் போகவில்லையாம்.