மக்காச்சோளம் போட்டவனுக்கே மெஷின் கிளம்ப மாட்டேங்குது

ஐப்பசிக் கடைசியில் சோளக்காட்டில் ஓட்டிவிட்டுத் தோட்டத்துச் சாளையில் நிறுத்திய பவர் வீடர் (களையெடுக்கிற மெஷின்), ஆனியில் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். உடுமலையில் மெக்கானிக் அண்ணன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளையாக ஒரு படிவம், அதன்மேல் மஞ்சளாகப் பிசின். பெட்ரோல் போகிற ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். தலைமுடி நுழைகிற ஓட்டை, சுத்தமாக அடைத்துக் கிடந்தது.

"ஏனுங்க, டேங்க்கைக் காலி பண்ணாமயா நிறுத்துனீங்க?"

ஆமாம். எத்தனையோ வருசமாக அப்படித்தான் நிறுத்துகிறேன். ஆனால் 2014 வாக்கில் 100 லிட்டர் பெட்ரோலில் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற எரிசாராயம்) 2 லிட்டர்கூட இல்லை. 2022இல் 10 ஆனது, 2025இல் 20. எத்தனால் கலக்காத பெட்ரோலும் எட்டு மாசம் கிடந்தால் பிசின் பிடிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. எத்தனால் அதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மருந்தடிக்கிற டூ ஸ்ட்ரோக் மெஷினில் இது இன்னும் மோசம். பெட்ரோலில் கலந்து ஊற்றிய ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், இன்ஜினுக்குள் முதலில் போவது அடியில் இருப்பது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

டிராக்டருக்கு என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டார். நம்ம ஊர் டிராக்டர் டீசல், அதற்குக் கார்பரேட்டரே கிடையாது. அமெரிக்காவில் ஃபோர்டு 8என் மாதிரிப் பழைய பெட்ரோல் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி உண்டு. நமக்கு வீடர், ஸ்பிரேயர், புல்வெட்டி, பழைய பைக். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். கார்பரேட்டருக்குக் கண் இல்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஜெட் அதே ஜெட்தான், ஆகவே காற்று அதிகமாகி இன்ஜின் சூடேறுகிறது. பழைய ரப்பர் டியூபும் ஊறி, வெடித்துப்போகிறது.

எத்தனாலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானே மக்காச்சோளக்காரன். எத்தனால் எடுக்க எரிசாராய ஆலைகள் மக்காச்சோளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் வியாபாரி கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார். (பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலை என்று புலம்புவார்கள், அது தனிப் பஞ்சாயத்து.) என் கோபம் வேறு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 கலந்தால் ஆறேழு சதவீதம் போச்சு. விலையில் ரூபாய்க்கு ஆறேழு பைசா குறைந்ததா? எங்கள் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் குறைவாகக் கலந்தது வேண்டுமென்றால் கிடைக்காது. அமெரிக்காவில் 15 சதவீதம் கலந்ததையே புல்வெட்டி, மரம் அறுக்கும் மெஷினுக்கு ஊற்றாதே என்று பங்க்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இங்கே தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது பழைய 10 சதவீதத்தை வைத்தால் என்ன?

அதுவரைக்கும், சீசன் முடிந்தால் டேங்க்கை வடித்துவிடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கிண்ணமும் காய்ந்துவிடும். இந்த முறை வடித்த அரை லிட்டரைப் பைக்கில் ஊற்றிவிட்டேன். அதுவும் கார்பரேட்டர்தான், ஆனால் தினமும் பால் ஊற்றப் போகிற வண்டி, ரெண்டு நாளுக்கு மேல் வயிற்றில் தங்காது.