கடல்ல தள்ளின லாரிங்க யாரோடது?

பசிபிக் கடல்ல, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கால வனுவாட்டுன்னு ஒரு நாடு. அதுல எஸ்பிரிட்டு சாண்டோன்னு ஒரு தீவு, அங்க லுகன்வில்னு ஒரு சின்ன டவுன், அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கடற்கரைக்கு மில்லியன் டாலர் பாயிண்ட்னு பேரு. தண்ணி வத்துற நேரத்துல கரையிலயே துருப்பிடிச்ச ஆக்ஸில், டயர், சேஸிஸ் துண்டெல்லாம் பவளப்பாறையோட ஒட்டிக் கெடக்கும். கொஞ்சம் உள்ள முங்கினா லாரி மேல லாரி, ஜீப், புல்டோசர், ஃபோர்க்லிஃப்ட், நடுநடுவுல கோகோ கோலா பாட்டில் கூட. கப்பல் கவுந்து முங்கின சரக்குன்னு நெனச்சிடாதீங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, நல்லா ஓடிட்டிருந்த வண்டிங்கள அமெரிக்க ராணுவமே சாய்தளம் போட்டு, வரிசையா ஓட்டிட்டுப் போய் கடல்ல இறக்குச்சு.

இதைப் பத்தி படிச்சதுல இருந்து எனக்கு ஆறவே மாட்டேங்குது, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

1942ல ஜப்பான்காரன் சாலமன் தீவு வரைக்கும் வந்துட்டான், அவனை நிறுத்தணும்னு அமெரிக்கா சாண்டோல பெரிய தளம் போட்டுச்சு. விமான ஓடுதளம், ஆஸ்பத்திரி, ரோடு, துறைமுகம், எல்லாம் காட்டை வெட்டி போட்டது, லட்சக்கணக்கான சிப்பாய்ங்க அந்தத் தீவு வழியா போயிருக்காங்க. அப்ப அந்த நாட்டுக்கு நியூ ஹெப்ரிடிஸ்னு பேரு, 1906ல இருந்து பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டுட்டிருந்தாங்க. அந்த மண்ணோட மக்களுக்கு பிரிட்டன் குடியுரிமையும் கிடையாது பிரான்ஸ் குடியுரிமையும் கிடையாது, 1980ல சுதந்திரம் வர்ற வரைக்கும் சொந்த ஊர்லயே எந்த நாட்டுக்காரனும் இல்லாம இருந்தாங்க. ஆனா தளத்துல மூட்டை தூக்க, சரக்கு இறக்க மட்டும் அவங்க வேணும்.

போர் முடிஞ்சுது. மலை மாதிரி வண்டியும் மெஷினும் மிச்சம். அமெரிக்கா ஒரு டாலர் பொருளுக்கு சில சென்ட்னு வெலை சொல்லி பிரிட்டிஷ்-பிரெஞ்சு நிர்வாகத்துக்கிட்ட வாங்கிக்கங்கன்னு கேட்டுச்சு. எப்படியும் விட்டுட்டுத்தானே போவாங்க, நாம எதுக்கு காசு குடுக்கணும்னு அவங்க கைய கட்டிட்டு இருந்துட்டாங்க. ஓசில விட்டுட்டுப் போக அமெரிக்காக்காரனுக்கு மனசில்ல. ஊருக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா கப்பல் செலவு, அதோட அங்க புது வண்டி விக்கிற கம்பெனிங்களுக்கு யாவாரம் படுத்துரும்னு ஒரு பயம். சரி, கடல்ல தள்ளு.

கல்யாணம் முடிஞ்சு மிச்சமான சோத்தை, அண்டா கழுவின சனம் பசியோட பாத்துட்டு நிக்கும்போது குழி தோண்டிப் புதைச்ச மாதிரி இருக்கு எனக்கு. மூணு நாட்டு அதிகாரிங்க வெலை பேசினாங்க, மூணு பேரும் ரோஷத்துல இருந்தாங்க, அந்தத் தீவுக்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டு உனக்கு இந்த டிராக்டர் வேணுமாப்பான்னு கேக்கல. ஒரு புல்டோசர் கெடச்சிருந்தா எத்தனை ஊருக்கு ரோடு வந்திருக்கும். அமெரிக்கா விட்டுட்டுப் போன தகரக் கொட்டகைங்க, அந்த அரைவட்ட கூரை போட்டது, இன்னைக்கும் லுகன்வில்ல புழக்கத்துல இருக்கு. கையில கெடச்சதை அந்த மக்கள் எத்தனை வருஷம் வச்சு பொழைச்சாங்கன்னு அதுலயே தெரியுது.

என்னோட கருத்து ஒண்ணுதான். போர்ல மிச்சமாகுற வண்டி மேல முதல் உரிமை, எந்த மண்ணு மேல அந்த வண்டி ஓடுச்சோ அந்த மண்ணோட சனத்துக்கு. அடுத்தது அதை ஓட்டின சிப்பாய்க்கு. அவங்க வேணாம்னு சொன்ன பிறகுதான் கம்பெனி, ஏலக்காரன், இரும்புக்கடை எல்லாம்.

இது நடக்காத காரியம்னு சொல்றவங்க பிலிப்பைன்ஸைப் பாருங்க. அதே போர், அதே ஜீப். மணிலா நகரமே தரைமட்டமாகி பஸ், டிராம் எதுவும் இல்லாம கெடந்தப்ப, அமெரிக்கா விட்டுட்டுப் போன ஜீப்பை அந்த ஊர் ஆளுங்க பின்னாடி நீட்டி, ரெண்டு பக்கமும் பெஞ்ச் போட்டு, மேல கூரை வச்சு, கலர் கலரா பெயின்ட் அடிச்சு ஷேர் வண்டியா ஓட்டுனாங்க. அதுதான் ஜீப்னி. 1953ல குதிரை வண்டி ஓட்டிட்டிருந்த குடும்பத்துல இருந்து வந்த லியனார்டோ சராவோன்னு ஒருத்தர் லாஸ் பின்யாஸ்ல பட்டறை போட்டார், பழைய ஜீப் தீர்ந்த பிறகும் அதே மாடல்ல புதுசா கட்டிக் கட்டி ஒரு நாட்டோட பொதுப் போக்குவரத்தே அதுல ஓடுச்சு. யாரும் திட்டம் போட்டுக் குடுக்கல. வண்டி கையில கெடச்சுது, மிச்சத்தை அவங்களே பாத்துக்கிட்டாங்க.

பிரிட்டன்ல வேல்ஸ் கரையோரம் ஆங்கிள்சி தீவுல ரோவர் கார் கம்பெனியோட மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணைக்கு ஒரு போர்க்கால வில்லிஸ் ஜீப்பை வாங்கி ஓட்டினார். இது ரிப்பேரானா இதுக்கு மாத்து என்னன்னு யோசிச்சதுல பொறந்ததுதான் 1948ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சில காட்டின லேண்ட் ரோவர். ஒரே ஒரு மிச்ச வண்டி, அவ்ளோதான்.

முதல் உலகப் போர் கதை இன்னும் சுவாரஸ்யம், அதை நம்மாளுங்க யாரும் பேசுறதில்ல. 1918ல பிரிட்டிஷ் அரசாங்கம் லண்டனுக்கு மேற்கால ஸ்லவ்ங்கிற ஊர்ல நல்ல கோதுமை விளைஞ்ச நிலத்தை எடுத்து ராணுவ வண்டி ரிப்பேர் டிப்போ கட்ட ஆரம்பிச்சுது. கட்டி முடிக்கிறதுக்குள்ள போரே முடிஞ்சிருச்சு. வண்டிங்க வந்து குவிஞ்சு கெடக்குது, பார்லிமென்ட்ல ஒரே திட்டு, காசைக் கொட்டி குப்பை சேக்குறீங்கன்னு. கடைசில 1920ல 600 ஏக்கர் இடத்தையும் சுமார் 17,000 பழைய வண்டியையும் சேத்து 70 லட்சம் பவுண்டுக்கு மேல வாங்கி ஒரு தனியார் கம்பெனி எடுத்துக்குச்சு. அவங்க அதை ரிப்பேர் பண்ணிப் பண்ணி வித்தாங்க, 1925 வாக்குல வண்டி தீந்துபோக, காலியான கொட்டகைங்கள ஃபேக்டரிங்களுக்கு வாடகைக்கு விட்டாங்க, அதுதான் ஸ்லவ் டிரேடிங் எஸ்டேட். 1932ல மார்ஸ் சாக்லேட் தொழிற்சாலை அங்கதான் வந்துச்சு.

அதே சமயம் லேலண்ட் கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா, தன் லாரிங்க ஏலத்துல கண்டவன் கைக்குப் போய் பாதி வழில நின்னா தன் பேரு கெட்டுரும்னு, விமானப்படைக்குக் குடுத்த லாரிங்கள ஆயிரக்கணக்குல தானே திருப்பி வாங்கி, லண்டன் பக்கம் கிங்ஸ்டன்ல பட்டறை வச்சு புதுசு மாதிரி பண்ணி வித்துச்சு. கம்பெனிக்கு காசு கஷ்டம் வந்துச்சு, ஆனாலும் செஞ்சாங்க. போர்ல இருந்து திரும்பின சிப்பாய்ங்க தங்களுக்குக் கெடச்ச பணத்தை வச்சு ஆளுக்கொரு பழைய ராணுவ லாரி எடுத்து வாடகைக்கு ஓட்ட ஆரம்பிச்சதுலதான் அந்த நாட்டுல லாரித் தொழிலே பெருசாச்சு. ரயில்ல போயிட்டிருந்த சரக்கு ரோட்டுக்கு வந்துச்சு. அப்போ மிச்ச வண்டி வந்தா மார்க்கெட் செத்துரும்ங்கிற வாதம் எங்க போச்சு? ஒரு கம்பெனியோட ரெண்டு வருஷ விற்பனை வேணா குறையும், அதுக்காக ஒரு தீவோட அம்பது வருஷத்தை எடுத்துக் கடல்ல போடுறது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு பக்கம், இப்போதைக்கு வச்சிருப்போம் அப்புறம் முடிவு பண்ணலாம்னு டிப்போல போட்டு வைக்கிறது. இதுவும் மெதுவா கொல்றதுதான். நான் போடிக்காரன், எங்க பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டு மலை ஏறுற ஜீப்புங்க நெறைய, அதுல மிலிட்டரி ஏலத்துல எடுத்த வண்டிங்களும் கலந்து ஓடும். ஒருதடவை எங்க மாமா பட்டறைல ஏலத்துல எடுத்த ஜோங்காங்கிற மிலிட்டரி ஜீப் ஒண்ணு வந்து நின்னுச்சு, ஜபல்பூர் ஃபேக்டரில செஞ்சது, பாடி கல்லு மாதிரி, கிலோமீட்டரும் அதிகம் ஓடல. மாமா கீழ படுத்து கியர் பாக்ஸ் ட்ரெய்ன் ப்ளக்கை கழட்டுனார், மொதல்ல வந்தது தண்ணி, ஒரு டம்ளருக்கு மேல இருக்கும், அப்புறம்தான் ஆயில், அதுவும் டீ கலர்ல. பிரேக் ட்ரம்மை சுத்தியலால தட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்துச்சு. ஒயரிங் பூரா எலி கடிச்சிருந்துச்சு. நாலு டயர்ல மூணு, தரைல பட்ட எடம் தட்டையாகி வெடிச்சுக் கெடந்துச்சு. ஓடி ஓடி கெட்ட வண்டிய நான் சரி பண்ணிருவேன்டா, நின்னு நின்னு கெட்ட வண்டிதான் நம்ம சொத்தைத் தின்னுரும்னார்.

வண்டியை நிறுத்தி வைக்கிறதும் ஒரு வேலைங்க. பேட்டரி கழட்டணும், டேங்க்கை காலி பண்ணணும், ஸ்டாண்ட் போட்டு டயர் மேல பாரம் இல்லாம தூக்கி வைக்கணும், துருப்பிடிக்கிற எடத்துல கிரீஸ் பூசணும், அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி எண்ணெய் சுத்த விடணும், மேல கூரை வேணும். ஆயிரக்கணக்குல வண்டி நிக்கிற யார்டுல இதை யார் செய்யுறா? ரஷ்யாக்காரன் சோவியத் காலத்து டேங்குங்கள வெட்டவெளில பத்து இருபது வருஷமா போட்டு வச்சிருந்தான், உக்ரைன் மேல போர் வந்ததும் 2022ல டி-62வும் 2023ல டி-54, டி-55வும் ரயில்ல ஏறி வந்ததை உலகமே பாத்துச்சு. அந்த டேங்க்குக்கு வயசு என் அப்பா வயசு. சேத்து வைக்கிறவன் அடுத்த சண்டைக்குத்தான் சேத்து வைக்கிறான், அது எனக்குப் பிடிக்கவே இல்ல.

பணமா மாத்தி நல்லது பண்ணவும் வழி இருந்திருக்கு. அமெரிக்காவுல போர் மிச்சத்தை விக்கிறதுக்குன்னே 1944ல ஒரு சட்டம் போட்டாங்க. செனட்டர் ஃபுல்பிரைட் அதுக்குக் கொண்டுவந்த ஒரு திருத்தம் 1946 ஆகஸ்ட்ல சட்டமாச்சு, வெளிநாட்டுல வித்த மிச்சத்துக்கு அந்த நாடுங்க டாலர் குடுக்க முடியலன்னா, அந்த நாட்டுக் காசுலயே வாங்கி மாணவர்களைப் படிக்க அனுப்பலாம்னு. பசிபிக் தீவுகள்ல கெடந்த சரக்கை அதே மாசம் சீனாவுக்கு மொத்தமா வித்தாங்க, ஃபுல்பிரைட் ஒப்பந்தமும் மொதல்ல 1947ல சீனாவோடதான். இந்தியாவோட 1950ல. நம்ம பிள்ளைங்க இன்னைக்கும் வாங்குற ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்புக்கு வேரு அந்தப் பழைய லாரியும் ஜீப்பும் மத்த சரக்கும்தான். ஒரே அரசாங்கம், ஒரே காலம், ஒரு கையால கடல்ல தள்ளுச்சு, இன்னொரு கையால படிக்க வச்சுது. அப்ப மனசு இருந்தா முடியும்னுதானே அர்த்தம்.

இதெல்லாம் பழைய கதைன்னு விட்டுட முடியல. 2013ல ஆப்கானிஸ்தான்ல இருந்து கெளம்பும்போது அமெரிக்க ராணுவம் 17 கோடி பவுண்ட் எடைக்கு மேல, அதாவது சுமார் 77,000 டன், வண்டியும் தளவாடமும் அங்கேயே நொறுக்கி உள்ளூர் இரும்பு யாவாரிங்களுக்கு எடைக்குப் போட்டிருந்துச்சு. கண்ணிவெடிய தாங்குற எம்ராப் வண்டி ஒண்ணு 10 லட்சம் டாலர் வரைக்கும் ஆகும், அதுல சுமார் 2,000 வண்டி உபரின்னு கணக்கு எழுதினாங்க. எம்ராப்பை வச்சு உழ முடியாது, டீசல் குடிக்கும், ஸ்பேர் கெடைக்காது, தப்பான கைக்குப் போகும், இதையெல்லாம் நான் ஒத்துக்கிறேன், அதை நொறுக்கினதுக்கு எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. சொல்லப்போனா நொறுக்காம ஊருக்குக் கொண்டுபோய் உள்ளூர் போலீசுக்குக் குடுத்தாங்களே, 1033ன்னு ஒரு திட்டத்துல, அது இன்னும் மோசம். 2014ல அமெரிக்காவுல ஃபெர்குசன்ங்கிற ஊர்ல போராட்டக்காரங்க முன்னாடி போலீஸ் கவச வண்டியோட நின்னப்ப, இந்தத் திட்டத்தைப் பத்தியும் பெரிய சர்ச்சை வந்துச்சு. சனத்துக்குப் போக வேண்டியது லாரி, ஜெனரேட்டர், கிரேன், தண்ணி டேங்கர். கவச வண்டி இல்ல.

ஆனா அவங்களால பராமரிக்க முடியாதுன்னு ஒரு வார்த்தை எல்லா ஊர்லயும் சொல்றாங்க பாருங்க, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. போர் முடிஞ்சதும் கான்பூர்ல வெள்ளைக்காரன் விமானப்படை லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள குவிச்சு வச்சிருந்துச்சு. அமெரிக்கா போர்க்கால ஏற்பாட்டுல குடுத்தது, யாருக்கும் உதவாம ஆக்கணும்னு ஒப்பந்தம். கிரேன்ல மூக்கைத் தூக்கி கீழ போட்டாங்க, மீட்டரெல்லாம் ஒடைச்சாங்க, இன்ஜின்ல மண்ணை அள்ளிப் போட்டாங்க. 1948ல பெங்களூர் எச்.ஏ.எல் விமானக் கம்பெனி ஆளுங்க அங்க போய், ஒண்ணோட உறுப்பை எடுத்து இன்னொண்ணுல மாட்டி, பறக்குற அளவுக்கு மட்டும் ஒப்பேத்தி, பெங்களூருக்கே பறந்து கொண்டுவந்து முழுசா சரி பண்ணுனாங்க. 40 விமானம் பக்கம் நம்ம விமானப்படைக்குக் கெடச்சுது, 1968 வரைக்கும் வேலை செஞ்சுது, ஒண்ணு இன்னைக்கும் டெல்லி பாலம் மியூசியத்துல நிக்குது.

உக்ரைன் சண்டையும் ஒருநாள் நிக்கும். அப்ப நாட்டுத் தலைவருங்க உக்காந்து எல்லைக்கோடு பேசுவாங்க, கடன் பேசுவாங்க, இந்த வண்டிக் கணக்கை கடைசி பக்கத்துல எழுதுவாங்க. அதை மொதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்கன்னுதான் நான் கேக்குறேன். கண்ணிவெடி எடுக்குற மெஷினு, புல்டோசர், பாலம் போடுற வண்டி, டீசல் டேங்கர், இதெல்லாம் டிப்போ யார்டுக்குப் போறதுக்கு முன்னாடி, சண்டை நடந்த வயக்காட்டுக்காரன்கிட்ட போய் உனக்கு எது வேணும்னு கேளுங்க. ஸ்பேர் பார்ட்ஸையும், மேனுவலையும், அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஒரு ஆளையும் சேத்து விடுங்க, ஒரு வருஷத்துக்காவது.