மாமியின் பொட்டு உங்களை என்ன செய்தது?

ஆடி அமாவாசை அன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் எடுத்த அந்தப் படத்தையும் அதற்குக் கீழே எழுதியவற்றையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் திரும்பப் பகிரமாட்டேன். தீர்த்தக் கரையில் பொட்டோடு நிற்கிற ஒரு வயதான மனுசியைப் பார்த்து, "மகனைத் தகப்பனுக்குத் தர்ப்பணம் குடுக்க விடாம இவ என்ன சாமி கும்பிடுறா?" என்று எழுத எப்படி மனம் வந்தது? அதற்குச் சிரிப்புப் போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள்.

அவ எனக்கு மாமி முறை. 1990 செப்டெம்பர் 5, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம், 158 பேர். மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அகதியாக அங்கே ஒதுங்கியிருந்த சனத்துக்குள் இருந்து இராணுவம் ஏற்றிக்கொண்டு போன அந்த 158 பேரில் மாமாவும் ஒருவர். திரும்பி வரவில்லை. செத்துவிட்டார் என்று ஒருவரும் காட்டவும் இல்லை.

"ஆண்டவன் ஒருநாள் எனக்குச் சொல்லுவான் மனே. அவன் சொல்லுமட்டும் நான் முந்திக்கொண்டு முடிக்க ஏலாது." மாமி சொல்வது இவ்வளவுதான். உயிரோடு வருவார் என்றுகூட அவ சொல்வதில்லை. பதில் வரும், கடவுள் தருகிற நேரத்தில் வரும் என்கிறா. அந்த மகனும் ஒவ்வொரு அமாவாசைக்கும் தாயைக் கூட்டிவந்து, எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் தீர்த்தமாடிவிட்டுப் போகிறான். மகனுக்கே சம்மதம். இடையில் நீங்கள் யார்?

யதார்த்தத்தை ஏற்கவேண்டுமாம். காணாமற்போனவரை இறந்தவர் என்று பதியாமலே குடும்பத்துக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2016 இல் இந்த நாட்டுச் சட்டமே ஒத்துக்கொண்டது. சட்டம் கொடுத்த இடத்தை ஒரு பின்னூட்டத்தில் பறிக்கப் பார்க்கிறீர்கள்.

கடவுளின் நேரம் என்று இருந்தால் செய்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்கிறார் ஒரு தம்பி. அந்தக் கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் தம்பி, வெயிலுக்குள் மாமாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு றோட்டோரம் நின்றது யார்? ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் போய் அதே கதையை முதலில் இருந்து சொன்னது யார்? செவ்வாய் விரதம் இருக்கிற அதே மாமிதான். கடவுளுக்கு நேரம் கொடுத்தவ அதிகாரிகளுக்கு ஒரு நாளும் தவணை கொடுக்கவில்லை. யதார்த்தம் பேசுகிற உங்களில் ஒருவரையும் அந்த வெயிலுக்குள் நான் காணவில்லை.

"அன்றைக்குக் கடவுள் எங்கே இருந்தார்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வியை மாமி சந்நிதியில் நின்று அழுது கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அடுத்த கிழமையும் போனா. அந்தக் கேள்வி அவவுடையது. அவவைக் குத்துவதற்கு அதைக் கையில் எடுக்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், என் அம்மாவுக்கும் இதைத்தான் செய்தார்கள். 2004 சுனாமியில் நாவலடியில் என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போவதை அம்மா நிறுத்தவில்லை. "கோபுரமே சரிஞ்சு கிடக்கு, அங்க போய் என்னத்தக் கேக்கப்போறா?" என்று சொந்தத்துக்குள்ளேயே சொன்னார்கள். அன்று கிணற்றடியில் அம்மா அழுதது தம்பிக்காக இல்லை, அந்தச் சொல்லுக்காக. அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை. கனகாலம் கழித்து, ஒருவரும் கேட்காமல், அம்மாவே ஒரு விடியற்காலையில் "தம்பிட பேரில ஆத்மசாந்திப் பூசை ஒண்டு செய்விப்பம்" என்றா. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை ஒரு நாள் முன்னால் கொண்டுவர எங்களில் ஒருவராலும் முடிந்திருக்காது.

பொறுமை என்றால் அறியாமை என்று நினைக்கிறீர்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வர இரண்டு கிழமை பிந்தினால் கொதிக்கிற நாங்கள், இத்தனை வருடம் நம்பிக்கையை விடாத ஒருத்திக்கு யதார்த்தம் படிப்பிக்கிறோம்.

அடுத்த ஆடி அமாவாசைக்கும் மாமி வருவா. பொட்டோடுதான் வருவா. கேட்காமல் படம் எடுத்தவர் அதை இன்றைக்கே நீக்கட்டும். இதற்குக் கீழேயும் வந்து யாராவது மாமாவுக்குத் திவசத் திகதி குறித்தால், உறவு நட்பு பார்க்காமல் நீக்குவேன்.