படம் முடிஞ்சாச்சு, பைசா பிடிக்கது மட்டும் ஏன்டே முடியல்ல?

இத எங்கயாவது கொட்டலன்னா எனக்கு ராத்திரி உறக்கம் வராது, அம்புட்டு வெப்ராளமா இருக்கு. ஒரு படத் தொடரு, கடைசி பாகம் வந்து, தியேட்டர்ல ஓடி, ஓடிடியில வந்து, டிவியில ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோப்பு விளம்பரத்துக்கு நடுவுல போட்டும் தள்ளியாச்சு. வில்லன் செத்தாச்சு. ஹீரோவும் செத்தாச்சு. டைரக்டர் வேற சோலிக்கு போயாச்சு. ஆனா அந்த படத்துக்க 'அதிகாரபூர்வ ரசிகர் மெம்பர்ஷிப்'னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது மட்டும் சாவவே மாட்டேங்குது, வருஷம் தவறாம கார்டுல கைய விட்டு அஞ்சாயிரம் ரூவாய அள்ளிட்டு போவுது.

படத்துக்க பேரு சொல்லமாட்டேன், சொன்னா அதுக்க ஆளுவ வீடு தேடி வருவாவ. இங்கிலீஷ் படம், அம்புட்டு தெரிஞ்சா போதும். மெம்பர் நானில்ல, எனக்க அக்கா மவளாக்கும். கார்டு மட்டும் எனக்க கார்டு. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போ ஆசையா கேட்டா, போட்டுக் குடுத்தேன், அந்த நேரம் அதுல ஒரு தப்பும் கெடையாது, இப்பவும் அதத்தான் சொல்லுவேன். அப்போ ரெண்டு பாகம் பாக்கி இருந்துச்சு. மாசத்துக்கு ஒருக்கா ஷூட்டிங் போட்டோ வரும், சட்டை தைச்சவரு பேட்டி வரும், டிரெய்லர் ஊருக்கெல்லாம் வரதுக்கு முந்தின நாளே இவளுக்கு வரும், பள்ளிக்கூடத்துல இவ ராணி மாதிரி நடப்பா. பைசாவுக்கு ஒரு பொருள் இருந்துச்சு.

ஏன்னா இந்த மெம்பர்ஷிப் எல்லாம் விக்கது படத்த இல்ல, காத்திருக்கதத்தான். பாகுபலிய எடுத்துக்கோங்க. முதல் பாகம் 2015 ஜூலையில வந்துச்சு, ரெண்டாவது 2017 ஏப்ரல்ல. நடுவுல ஒண்ணேமுக்கால் வருஷம் இந்தியாவுக்கே ஒரு கேள்விதான், கட்டப்பா ஏன் குத்துனாரு. மார்த்தாண்டம் சந்தையில மீன் வெட்டுற அக்காவுக்கு ஒரு கருத்து, எதுக்க கத்திரிக்கா விக்குற அண்ணாச்சிக்கு ஒரு கருத்து, ரெண்டு பேருக்கும் அதுல சண்டை வேற. அப்போ ஒருத்தன் வந்து 'மாசம் நூறு ரூவா தா, துப்பு சொல்லுதேன்'னு கேட்டிருந்தா பாதிப் பேரு குடுத்திருப்போம், நான் முதல் ஆளா குடுத்திருப்பேன். ரெண்டாம் பாகம் வந்த மறுநாளு அதே ஆளு வந்து கேட்டா? அஞ்சு பைசா பேறாது. கட்டப்பா குத்துன காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சாச்சே, அதுக்கு மேல எவன் எதுக்கு கட்டுவான்.

சரி, கடைசி பாகம் முடிஞ்ச பிறகு இந்த புண்ணியவானுவ என்னதான் தராவன்னு ஒரு நாளு அவகிட்ட போன வாங்கி உக்காந்து பாத்தேன். 'நீங்க எந்த கதாபாத்திரம்'னு ஒரு குவிஸ், அதே குவிஸ் போன வருஷமும் வந்துச்சாம், கேள்விய முன்ன பின்ன மாத்தி போட்டிருக்கான். வால்பேப்பர், அது கூகுள்ல தேடுனா சும்மா கிட்டும். பொறந்த நாளுக்கு வாழ்த்து மெயில், ஆதியில 'அன்புள்ள'ன்னு போட்டு அடுத்தால பேரு வரவேண்டிய இடம் காலியா கெடக்கு. பிறகு அவனுவ கடையில பத்து சதவீதம் தள்ளுபடி. இதுதான் பெரிய சலுகையாம். அஞ்சாயிரம் கட்டுனவனுக்கு பத்து சதவீதத்துல போட்ட முதல் திரும்ப வரணும்னா அம்பதாயிரத்துக்கு சாமான் வாங்கணும். அம்பதாயிரத்துக்கு துண்டும், கப்பும், மந்திரக்கோலும் வாங்கி நான் என்ன ஸ்டேஷனரி கடையா போடப் போறேன்? அதுவும் இந்தியாவுக்கு அனுப்புவானான்னு பாத்தா அட்ரஸ் போடுற எடத்துலயே மாட்டிக்கிட்டு. பின்கோடு அஞ்சு எண்ணத்துக்கு மேல ஏறல்ல. நமக்கு ஆறு எண்ணம், 629ல தொடங்குறது, கடைசி நம்பர தட்டத் தட்ட கட்டம் செவப்பா மாறி துள்ளுது. அமெரிக்காவுல அஞ்சு எண்ணமாக்கும், அதனால உலகத்துக்கே அஞ்சு எண்ணம்.

இன்னொண்ணு இருக்கு, 'மெம்பர்களுக்கு மட்டும் நேரலை'. நடிகைகூட பேசலாமாம். எத்தன மணிக்கு? அவனுவளுக்கு கலிபோர்னியாவுல மத்தியானம் மூணு மணி, நமக்கு மறுநாளு வெளுப்பாங்காலம் மூணரை. அந்த நேரத்துல எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல முழிச்சிருக்கது யாருன்னா, குலசேகரம் பக்கம் தலையில லைட்ட கட்டிக்கிட்டு ரப்பர் பால் வெட்டப் போறவியளும், குளச்சல்ல கடலுக்கு போறவியளும்தான். இவ அலாரம் வச்சு எந்திரிச்சு உக்காந்தா, அங்க அந்த நடிகை வந்து தனக்க புதுப் படத்த பத்தி, வேற கம்பெனி படத்த பத்தி பேசிட்டு போயிட்டாவ.

எங்க ஊரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிப்பாவ, நானும் முணுமுணுக்காம குடுப்பேன். ஆனா கொடை முடிஞ்சு, பந்தல பிரிச்சு, மைக்செட்டுக்காரன் வயர சுருட்டிட்டு போன பிறகும் ஒருத்தன் மாசாமாசம் ரசீது புக்கோட வீட்டு வாசல்ல வந்து நின்னா அவன என்ன செய்வோம்? இவனுவ வாசலுக்கும் வரதில்ல, தானா எடுத்துக்கிடுதாவ, அதுதான் வித்தியாசம்.

இதுக்கு ஒரு ஆளு எனக்கு புத்தி சொன்னாரு, 'அப்பிடி எந்த தொடரும் முழுசா முடியாது வோய், திரும்ப எடுப்பான், அப்போ பழைய மெம்பருக்குத்தான் மரியாதை'ன்னு. திரும்ப எடுப்பான், இல்லன்னு சொல்லல்ல. ஸ்டார் வார்ஸ் 1983ல மூணாவது படத்தோட முடிஞ்சுது, அடுத்த படம் 1999ல வந்துச்சு. பதினாறு வருஷம். வருஷம் அஞ்சாயிரம்னு கணக்கு போட்டா எம்பதாயிரம் ரூவா, ஒரு நல்ல பைக் வாங்கலாம். அதுலயும் பாருங்க, அவங்க ரசிகர் சங்கத்துக்கு 1978ல தொடங்குன 'பந்தா டிராக்ஸ்'னு ஒரு செய்திமடல் இருந்துச்சு, அதையே 1987ல நிறுத்திட்டாவ. படம் இல்லாம எத்தன நாளு ஓட்ட முடியும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. ஹாரி பாட்டர் 2011ல முடிஞ்சுது, அதே உலகத்துல அடுத்த கதை 2016ல வந்துச்சு. அது மெம்பருக்கு மட்டுமா தெரிஞ்சுது? நாகர்கோவில்ல போஸ்டர் ஒட்டுனாவ, எல்லாரும் பாத்தோம், டிக்கெட் எடுத்தோம், போனோம்.

ரசிகன்கிட்ட பைசா வாங்குறதே பாவம்னு நான் சொல்ல வரல்ல. வாங்குறதுக்கும் ஒரு மொற இருக்கு. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படத்துக்க ரசிகர் சங்கத்துல ஆரம்பத்துல சேந்தவங்களுக்க பேர அந்த நீளமான டிவிடி பதிப்புல, படம் முடிஞ்சு வர எழுத்துலயே போட்டாவ. நிமிஷக்கணக்கா ஓடும், யாருன்னே தெரியாத ஆயிரக்கணக்கான பேரு. ரிங்ஸ் மூணு பாகமும் 2001லேருந்து 2003க்குள்ள வந்து முடிஞ்சாச்சு, ஆனா அந்தப் பேரு அங்கதான் இருக்கு, இனி எந்தக் காலத்துலயும் இருக்கும். இவனுவளும் 'ரசிகர் சுவர்'னு ஒரு பக்கம் வச்சிருக்கானுவ, அதுல எங்க பிள்ளைக்க பேரும் இருக்கு. கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமா, சந்தா புதுப்பிக்கலன்னா பேரு எடுக்கப்படும். வாடகைச் சுவராக்கும்! இத படிச்சப்போ எனக்கு வந்த கோவம் அஞ்சாயிரம் போனதுக்கு கூட வரல்ல.

நம்ம ஊரு ரசிகர் மன்றத்துக்கு என்ன குறைச்சல்? களியக்காவிளை பக்கம் மலையாள நடிகருக்கு பிளெக்ஸ் வைப்பாவ, இந்தால தமிழ் நடிகருக்கு வைப்பாவ, ரெண்டு மன்றத்துலயும் இருக்குற பயலுவளும் உண்டு. பைசா பிரிப்பாவ, பாதிய வீணாக்குவாவ, ஆனா வீணாக்குனது பிளெக்ஸா கண்ணு முன்னால நிக்கும். செயலாளருக்க வீடு தெரியும், கணக்கு கேட்டு அவன் சட்டைய பிடிக்கலாம். நடிகருக்கு அடுத்த படமும் வரும். தொடருக்கு அது இல்லியே, கதை முடிஞ்சா முடிஞ்சுதான்.

நிறுத்தலாம்னு போனா அங்கதான் இருக்கு கூத்து. சேரதுக்கு முதல் பக்கத்துலயே தங்க கலர்ல இம்மாம் பெரிய பொத்தான். விலகுறதுக்கு? செட்டிங்ஸ், அதுக்குள்ள அக்கவுண்ட், அதுக்குள்ள பில்லிங், அதுக்கும் அடியில வெள்ளை கட்டத்துல மங்கலா ஒரு வரி. அத தொட்டா ஹீரோ அழுத மூஞ்சியோட ஒரு படம், 'எங்கள விட்டுட்டு போறீங்களா'ன்னு. யோவ், நீதானய்யா கிளைமாக்ஸ்ல எங்கள விட்டுட்டு போன? அத தாண்டுனா ஏன் போறீங்கன்னு கேள்வி, 'படம் முடிஞ்சுட்டு'ங்கிற பதில் அந்த லிஸ்ட்லயே இல்ல. அத தாண்டுனா பாதி விலைக்கு தரேங்குறான். அதையும் வேண்டாம்னா மெயில்ல ஒரு லிங்க் வரும்னான், வந்துச்சு, தொட்டா காலாவதியாம்.

பைசா பிடிக்கது மட்டும் ஒரு நாளும் காலாவதி ஆவல்ல. 2021 அக்டோபர்லேருந்து ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, கார்டுல தானா பிடிக்கணும்னா 24 மணி நேரத்துக்கு முந்தியே மெசேஜ் அனுப்பணும். அனுப்புனாவ. நான் கல்யாண வீட்டுப் பந்தியில பாயசம் வெளம்பிட்டு நிக்கும்போ வந்துச்சு. அதுல படத்துக்க பேரும் இல்ல, கிளப் பேரும் இல்ல, பில் போடுற வேற எவனோ ஒருத்தனுக்க பேரு. லோன் வேணுமான்னு கேக்குற மெசேஜுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? பதினஞ்சாயிரம் வரைக்கும் ஓடிபியும் கேக்காது, முதல்ல அஞ்சாயிரம்னு இருந்த வரம்ப 2022ல கூட்டிட்டாவ. ஆக மறுநாளு பைசா போயாச்சு. வெளிநாட்டு பில்லுன்னு எனக்க பேங்க்காரன் அவன் பங்குக்கு மூணரை சதவீதம், அஞ்சாயிரத்துக்கு 175 ரூவா, அந்த 175க்கு ஜிஎஸ்டி 31 ரூவா 50 பைசா. செத்துப்போன ஹீரோவுக்கு நான் வரியும் கட்டுதேன்.

கடைசியில அவன்கிட்ட கெஞ்சாண்டாம்னு பேங்க் வழியாவே அடைச்சேன். பேங்க் ஆப்புல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்னோ இ-மேண்டேட்னோ ஒரு இடம் இருக்கும், அங்க போனா எவன் எவனுக்கு நம்ம ஒத்துக்கிட்டோம்னு லிஸ்ட் வரும், கேன்சல் பண்ணிடலாம். பிள்ளையளுக்கு கார்டு போட்டுக் குடுத்திருக்குற மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் இன்னைக்கே அத தொறந்து பாருங்க, வயிறு எரியும். மத்திய அரசு 2023 நவம்பர்ல டார்க் பேட்டர்ன்னு பதிமூணு வகை தில்லுமுல்ல பட்டியல் போட்டு தடை பண்ணியிருக்கு, சேர லேசு விலக கஷ்டம்னு வச்சு சந்தாவுல மாட்டிவிடுறதும் அதுல ஒண்ணு. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சு புகார் சொல்லலாம். நானும் சொல்லியாச்சு, நம்பர் தந்திருக்காவ, பாப்போம்.

அக்கா மவளுக்கு விஷயம் தெரிஞ்சதும் மூஞ்சிய தூக்கிட்டா.

"மாமா, நிறுத்தாண்டாம். அடுத்த படம்னு ஒண்ணு வந்தா நமக்குத்தான் முதல்ல தெரியும்."

"மக்ளே, அடுத்த படம் வந்தா தக்கலை பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்குற மாட்டுக்கும் தெரியும்."

"அங்க எனக்க பிரெண்ட்ஸ் இருக்காவ மாமா."

இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் அடங்குனேன். பிரேசில்ல ஒரு பிள்ளை, பிலிப்பைன்ஸ்ல ஒரு பிள்ளை, இவ பரீட்சைக்கு போவும்போ அங்கேருந்து வாழ்த்து அனுப்புதாவ, அது பைசாவுக்கு கிட்டுற சாதனமா. ஆனா அந்த பிள்ளையகூட இவ பேசுறது எங்கன்னு பாத்தா டெலிகிராம் குரூப்ல! ஃப்ரீ! கிளப் தந்த அரட்டை பக்கத்துல கடைசி படம் வந்த மாசத்தோட ஈ காக்கா இல்ல. அந்த பிரேசில் பிள்ளை மெம்பர்ஷிப்ப எப்பவோ விட்டுட்டாளாம், இவகிட்ட கேட்டாளாம், 'நீ இன்னுமா கட்டுத?'

நான் கேக்கது பெருசா ஒண்ணுமில்ல. கடைசி படம் வந்த அன்னைக்கு ஒரு மெயில் போடு, இத்தன நாளு கூட இருந்ததுக்கு நன்றி, இனி தானா பிடிக்கமாட்டோம், வேணும்ங்கிறவங்க மட்டும் வந்து புதுசா கட்டுங்கன்னு. கட்டுறவங்க கட்டட்டும். எங்க பிள்ளை நாளைக்கு வேலைக்கு போய் அவளுக்க சம்பளத்துல கட்டுனா நான் வாயே தொறக்கமாட்டேன், அது அவளுக்க இஷ்டம். முடிஞ்சத முடிஞ்சுதுன்னு சொல்லாம, இன்னும் என்னமோ வரப்போறது மாதிரி வாசலையே பாக்க வச்சு பைசா பிடுங்குறதுதான் பிடிக்கல்ல.

நேத்து மறுபடியும் மெயில் வந்திருக்கு. 'நீங்க இல்லாம எங்களுக்கு வருத்தமா இருக்கு, மூணு மாசம் முற்றிலும் இலவசம்.' தொட்டுப் பாத்தேன். முதல் கட்டத்துலயே கார்டு நம்பர் கேக்கான். ஃப்ரீயா தரதுக்கு கார்டு நம்பர் எதுக்குலே?