உங்களுக்கென்ன, கோயமுத்தூர் இருக்கே!

இந்த 2021 ஜூனில், ஞாயிற்றுக்கிழமை நடந்த ஜூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது ஆடியோவை அனுப்பியிருப்பார்கள். பேசியவர் பெயரைப் போடப் போவதில்லை. நல்ல மனிதர், போன வருட ஊரடங்கில் வீடு வீடாக அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நான் கேட்டது ஒரே கேள்வி. கேரளாவின் புது நிதியமைச்சர் பாலகோபால் 2021 ஜூன் 4ஆம் தேதி வாசித்த திருத்திய பட்ஜெட்டில் சுகாதார அவசரத் தேவைக்கு 2,800 கோடி என்கிறீர்களே, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தமிழ் பேசுகிற எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளுக்கு, அதாவது எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்கு, அதில் என்ன வரும்? பதில் உடனே வந்தது. "உங்களுக்கென்ன, கோயமுத்தூர் இருக்கே!" சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடவே நாலைந்து பேரும் சிரித்தார்கள். மியூட் போட மறந்தவர்கள் போலிருக்கிறது.

சிரிக்க என்ன இருக்கிறது? மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் சென்னையையே தாண்டிய ஊர் கோயமுத்தூர். மே 30ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு அங்கே இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனதை எல்லோரும்தான் டிவியில் பார்த்தோம். அந்த ஊர்க்காரர்களுக்கே கட்டில் கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் வாசலில் நின்ற நாட்கள் அவை. அங்கே நான் கேஎல் நம்பர் வண்டியில் போய் இறங்கினால் வாங்க வாங்க என்று கட்டிலைத் தட்டிப் போடுவார்களா?

நான் சொல்வது இவ்வளவுதான். பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரியை நம் கையிருப்பாக எழுதிக்கொண்டு நம் மாநில பட்ஜெட்டைப் போடக் கூடாது.

பட்ஜெட்டே மோசம் என்று நான் சொல்லவில்லை. தொற்றுக் காலத்தில் இருபதாயிரம் கோடிக்கு இரண்டாவது கோவிட் தொகுப்பு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசத் தடுப்பூசி போட 1,000 கோடி, புது வரி இல்லை. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் சமூக சுகாதார மையத்திலும் பத்துப் படுக்கையோடு தனிமை வார்டு. படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே வந்தேன். ஆனால் அதே பட்ஜெட்டில் 8,900 கோடி மக்கள் கையில் நேரடியாக என்று ஒரு வரி இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் சதீசன் கேள்வி கேட்ட பிறகுதான் அதில் ஏற்கெனவே தர வேண்டிய பென்ஷனும் பாக்கிகளும் சேர்த்தி என்று விளக்கம் வந்தது. போன வருடம் மார்ச் 19ஆம் தேதி நம் முதல்வர் பினராயி அறிவித்த முதல் இருபதாயிரம் கோடியிலும் 14,000 கோடி பழைய பாக்கியைத் தீர்க்கத்தான். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதை மொய் எழுதுகிற மாதிரி மைக்கில் அறிவித்தால் எப்படி? சரி, அது வேறு கதை.

"அரசு இலவசமாகத் தந்த மளிகைக் கிட் வாங்கித் தின்றுவிட்டுப் பேசுகிறான்" என்று யாராவது சொல்வீர்கள். ஆமாம், வாங்கினேன். ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கினேன், வெல்லமும் பயறும் நன்றாகவே இருந்தன. கிட் தந்த அரசிடம் கட்டில் கேட்கக் கூடாது என்று எந்த ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறது?

"இந்தியாவிலேயே கேரளாதான் கோவிட்டை நன்றாகச் சமாளித்தது" என்றும் வருவீர்கள். அதை நான் மறுத்தேனா? அப்போது சுகாதார மந்திரியாக இருந்த சைலஜா டீச்சருக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். (அவரைப் புது மந்திரிசபையில் சேர்க்காதது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இன்றைக்கு வேண்டாம்.) ஊரே நன்றாகச் சமாளித்தது என்பதற்காக, ஊர்க்கோடியில் இருப்பவன் வாயை மூட வேண்டுமா?

கேரளாவின் வடகோடியில், கர்நாடக எல்லையில் இருக்கிற காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மங்களூர் போகிற தலப்பாடி எல்லை வழியைக் கர்நாடகம் அடைத்தது. அவசரம் என்றால் மங்களூர் என்றே அதுவரை வாழ்ந்த ஊர் அது. வழி அடைபட்டதும் சிகிச்சைக்குப் போக முடியாமல் பல பேர் செத்தார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. 2013ல் அடிக்கல் நாட்டிய உக்கினடுக்கா மருத்துவக் கல்லூரிக் கட்டடம் அப்புறம்தான் அவசர அவசரமாகக் கோவிட் ஆஸ்பத்திரியானது. சட்டஞ்சாலில் டாட்டா குழுமம் கண்டெய்னர்களை அடுக்கி ஐந்நூறு படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான். அதுவரை காசர்கோட்டுக்காரர்களும் "உங்களுக்கென்ன, மங்களூர் இருக்கே" என்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நாங்களும் சாகும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அதே மார்ச் ஏப்ரலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தைக்கு டயாலிசிஸ். பல வருடமாகக் கோயமுத்தூரில்தான், ஏனென்றால் பஸ் ஏறினால் சீக்கிரம் வருவது அந்த ஊர். திடீரென்று எல்லை மூடியது. மாமா காரில் செக்போஸ்ட் வரை கொண்டுபோய் விடுவார். அத்தை இறங்கி, தடுப்பைத் தாண்டி, வெயிலில் நடந்து, அந்தப் பக்கம் நிற்கிற சித்தப்பா மகனின் காரில் ஏற வேண்டும். துணைக்கு ஒருவரையும் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது தலைசுற்றல் வேறு. ஒருநாள் பாஸில் தேதி தப்பாக அடித்திருக்கிறது என்று திருப்பியே அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி போன் பண்ணி நான் யார் யாரையோ கெஞ்சினேன். இந்தப் பக்கம் டயாலிசிஸ் இடம் காலி இல்லை, அந்தப் பக்கம் பாஸ் இல்லை. விடிகாலையில்தான் விட்டார்கள். அத்தை இப்போதும் இருக்கிறார், நன்றாகவே எல்லோரையும் திட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கோயமுத்தூர் இருக்கே" என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாதம்: "மத்திய அரசு ஜிஎஸ்டி பாக்கி தரவில்லை, கையில் பணம் இல்லை." சரி, தரவில்லைதான். ஆனால் அந்த இல்லாமை எங்கள் பஞ்சாயத்து எல்லையில் மட்டும் வந்து நிற்பது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

இதையும் கேளுங்கள். கேரளாவுக்கே பெரும் பங்கு திரவ ஆக்சிஜன் தருகிற ஆலை எங்கே இருக்கிறது? நம் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில், வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் டேங்கர் போய்க்கொண்டிருந்தது. மே மாதத்தில் முதல்வர் பினராயி பிரதமருக்குக் கடிதம் எழுதினார், இங்கேயே தேவை கூடிவிட்டது, இனி வெளியே அனுப்ப முடியாது என்று. நியாயம். முதலில் நம் ஜனங்கள் பிழைக்க வேண்டும். நம் ஆக்சிஜன் நமக்கே என்று எழுதலாம், ஆனால் கட்டில் மட்டும் அவர்கள் எங்களுக்குத் தர வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

கேரளா முழுக்கக் கடைகளுக்குப் போகிற கள்ளில் பெரும்பகுதி எங்கள் சித்தூர்த் தென்னையில் இறங்குவது. முதலமடை மாங்காய் டெல்லி வரை போகிறது. அதெல்லாம் கேரளா. எங்களுக்கு மூச்சு முட்டினால் மட்டும் கோயமுத்தூர். ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசித்த பட்ஜெட் பாலக்காட்டுக் குழல்மந்தத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிய கவிதையோடு தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? அழகான கவிதை, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். பாலக்காட்டுக்குப் பட்ஜெட்டில் கவிதைக்குப் பஞ்சமில்லை.

"அவ்வளவு கஷ்டமாக இருந்தால் தமிழ்நாட்டுக்கே போய்விடு." இதையும் ஒருவர் சொன்னார், கூட்டம் முடிந்த பிறகு, தனியாக. இவருக்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கேரள மாநிலம் உருவான 1956க்கு முன்னால் பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லா. சித்தூரோ கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. அதாவது அந்தப் பாலக்காட்டுக்காரரின் தாத்தாவை விட என் தாத்தாதான் கொச்சிக்காரர். எங்கே போகச் சொல்கிறார்?

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் போன வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மண் சரிந்து எழுபது பேர் போனார்கள், தமிழ் பேசுகிற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு 5 லட்சம், மறுநாள் கோழிக்கோட்டுக் கரிப்பூர் விமான விபத்தில் போனவர்களுக்கு 10 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. அது முதல்கட்டம்தான் என்று அப்புறம் விளக்கினார்கள். எங்கள் விஷயத்தில் எப்போதும் விளக்கம்தான் அப்புறம் வருகிறது. அந்தப் பகுதியின் தேவிகுளம் எம்எல்ஏ போன மாதம் தமிழில் பதவியேற்றபோது நானும் சந்தோஷப்பட்டேன். மொழிபெயர்ப்பில் ஏதோ விட்டுப்போனதென்று இந்த மாதம் அவரை மறுபடியும் பதவியேற்க வைத்தார்கள். தமிழில் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்கக்கூட ஆள் இல்லையா என்று கேட்டால் உடனே "மொழி வெறி" என்பீர்கள். நான் கேட்பது கட்டில்.

மனு எழுதியாயிற்று. கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஒரு ஆரம்ப சுகாதார மையத்திலாவது இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர், ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கைகள், எங்கள் பக்கத்திலேயே நிற்கிற ஒரு ஆம்புலன்ஸ், சித்தூரில் கூடுதல் டயாலிசிஸ் இயந்திரங்கள். தமிழில்தான் எழுதியிருக்கிறேன். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தர வேண்டும். நம் சித்தூர் எம்எல்ஏ கிருஷ்ணன்குட்டி 2021 மே மாதம் மின்சார மந்திரியானார், அவருக்கும் ஒரு பிரதி போகிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊரடங்கு தளர்ந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், மாஸ்க்கோடு. முதல் கையெழுத்து அத்தை போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களும் வரலாம், இடம் விட்டு வைத்திருக்கிறேன்.